பாயின்செட்டியா நாற்று ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்க: என் 60,000 ரூபாய் போச்சு

ஓசூர், பாகலூர், தளி பக்கம் பாலிஹவுஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு பெங்களூரு நர்சரிகளுக்குக் கொடுக்கலாம் என்று 1,500 பாயின்செட்டியா (மேல் இலைகள் சிவக்கும் அலங்காரச் செடி) நாற்று வாங்கினேன். முழுப் பணமும் முன்கூட்டியே, 60,000 ரூபாய். பாதிக்கு மேல் இன்று குப்பைக் குழியில் கிடக்கிறது. மீதியும் தலை சாய்கிறது.

வாங்கியது செடி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில். பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. நம்ப வைத்தது அந்த வீடியோ கால்தான். விற்கிற பையன் டிரேயிலிருந்து ஒரு நாற்றை உருவி வேரை கேமராவுக்கு நேராகப் பிடித்தான். வெள்ளை வெளேரென்று, கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) முழுக்கப் பின்னியிருந்த வேர். "நீங்களே பாருங்கண்ணா, இதே லாட்டுதான் உங்களுக்கு வருது" என்றான். அப்படி ஒரு வேரைக் காட்டினால் யார்தான் பணம் போட மாட்டார்கள்? அன்று சாயங்காலமே போட்டேன்.

வந்தது வேறு சரக்கு. பெட்டியைத் திறந்ததுமே அழுகல் வாடை. அடித்தண்டைச் சுற்றிப் பழுப்பு வளையம். வேரை இழுத்தால் மேல்தோல் கழன்று கையில் வருகிறது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நிற்கிறது. ரைசோக்டோனியா, பித்தியம் என்ற இரண்டு அழுகல் நோய்க் கிருமிகளும் என் செலவிலேயே வண்டி ஏறி வந்திருக்கின்றன!

போன் செய்தால், "டிராவல் ஷாக்குண்ணா, தேறிடும்". அப்புறம் "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க". பெட்டி திறந்த கையோடு எடுத்த போட்டோவுக்கு இந்தப் பதில்! அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை. தளத்துக்காரர்கள் "உயிருள்ள பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். 60,000 ரூபாய்க்கு ஒரே வரி.

தண்டு பிரச்சினை வராமல் வளர்ப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் ஓடவில்லை. டிரேயை இறக்கும் முன் அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், நசுங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆழமாகப் புதைக்காதீர்கள். தண்ணீர் காலையில் மட்டும். தொட்டிகளை நெருக்கி வைத்தால் தண்டு மெலிந்து நீளும், டிசம்பரில் வண்டி ஏற்றும்போது கிளை பிரியும் இடத்தில் முறியும். அம்மோனியம் உரத்தைக் குறைத்து கால்சியம் நைட்ரேட் கொடுங்கள். முக்கியமாக, பாதிப் பணம் சரக்கைப் பார்த்த பிறகுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். இதே போல ஏமாந்தவர்கள் பில், போட்டோவோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டில் சேர்ந்தே போடலாம்.