பத்துக் குதிரை எஞ்சினும் ஒரு ரப்பர் பூவும்

எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். தங்கச்சிமடத்தில் எங்களுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. வடகடலில் (பாக் விரிகுடாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நண்டு வலை போடும் தொழில். 2022 தை மாதம் ஜப்பான் கம்பெனி ஒன்றின் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், அதாவது வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுவது, வாங்கினோம். டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஓடுவது. என் சங்கிலி அடகுக்குப் போனது. கடலுக்குப் போவது அவர், கணக்கு எழுதுவது நான். அதனால் இது ஓட்டுபவர் எழுதும் விமர்சனம் அல்ல, பணம் கட்டுபவள் எழுதுவது.

நல்லதைச் சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். ஒரே ஆள் தோளில் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்துவிடலாம். ஐம்பது லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் ஆயில், அவ்வளவுதான் கணக்கு. பழைய டீசல் எஞ்சின் சத்தத்தில் இவருக்குக் காது பாதி மந்தமாகிவிட்டது. இப்போது நான் திட்டுவது கேட்கிறது.

ஒரு சின்னக் குறை. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நாங்கள் குடிக்கவே குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். கையேடு எழுதியவர் ஊரில் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும்போல. நாங்கள் ஒரு டிரம்மில் பிடித்து வைத்து அதே தண்ணீரை மூன்று நாள் பயன்படுத்துகிறோம். தப்புதான், வேறு வழியில்லை.

இனி பெரிய குறை. எஞ்சின் ஓடும்போது அதன் பின்னால் சின்ன ஓட்டை வழியே தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும், சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரி. அது வருகிறவரை எஞ்சின் சூடாகாமல் இருக்கிறது என்று அர்த்தம். கடல் தண்ணீரை மேலே தள்ளுவது உள்ளே இருக்கும் இம்பெல்லர். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் பூ, ஆறு இதழ். எங்கள் பக்கம் ஆழம் குறைவு, மணலும் கடற்புல்லும் கலங்கி உள்ளே போகும். ரப்பர் தேயத்தான் செய்யும்.

2024 மே 6. நான்கு பாகம் ஆழத்தில் (ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுவிட்டது. கொழுந்தன் வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். பாம்பன் மெக்கானிக் தம்பி அடிப்பாகத்தைக் கழற்றி இம்பெல்லரை என் கையில் வைத்தார். மூன்று இதழ் வேரோடு போயிருந்தது. மிச்சம் மூன்றும் பழைய செருப்பு மாதிரி ஒரே பக்கம் வளைந்து கிடந்தன. புது அசல் ஒன்றின் விலை 1,850 ரூபாய்.

அந்த நேரத்தின் அருமை கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த 61 நாளும் தீபாவளி. ராமநாதபுரத்தில் எஞ்சின் வாங்கிய கடைக்குப் போனேன். ரயில் நின்றிருந்த காலம், பஸ்தான். இம்பெல்லர் இருப்பு இல்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “செங்கடல்ல சண்டை நடக்குதுல்ல தங்கச்சி, கப்பல் எல்லாம் சுத்தி வருது. வந்துரும்” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் அட்லஸை விரித்தேன். ஜப்பானிலிருந்து சென்னைக்கு மலாக்கா நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். செங்கடல் எங்கே கிடக்கிறது! ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடிக்குப் போகிறவன் பாம்பன் பாலத்தில் நெரிசல் என்று சொல்வது மாதிரி இருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னதில் பாதி உண்மை. செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கியதால், 2023 கடைசியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. ஒரு நடைக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல். கப்பலும் கன்டெய்னரும் அங்கே மாட்டிக்கொண்டதால் மற்ற பாதைகளிலும் தட்டுப்பாடு. அந்த மே, ஜூனில் சிங்கப்பூர் துறைமுகமே நெரிந்து கிடந்தது. சரி. ஆனால் தேயும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரப்பர் பூவை, கடையில் ஒன்றுகூட இருப்பு வைக்காதது எந்தக் கடலின் குற்றம்?

பொறுமையில்லாமல் 450 ரூபாய்க்கு டூப்ளிகேட் வாங்கிப் போட்டோம். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் இதழ் நொறுங்கித் துண்டுகள் தண்ணீர் போகும் வழியில் அடைத்துக்கொண்டன. எஞ்சின் தலையைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கூலி 2,200. அசல் பார்சல் ஜூன் 18 அன்று வந்தது. அதற்குள் விசைப்படகுகள் கடலில் இறங்கிவிட்டன. மொத்தம் 43 நாள். டூப்ளிகேட் ஓடிய ஒன்பது நாளும் ஞாயிறுகளும் போக 29 நாள் கரையில் உட்கார்ந்திருந்தார். செலவு போக நாளுக்கு 1,400 என்பது என் நோட்டுக் கணக்கு. 40,600 ரூபாய்.

அந்த ஆத்திரத்தில் கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிப் படித்தேன். பி.காம் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. தொழிலில் வரக்கூடிய ஆபத்துகள் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். நாணய மதிப்பு ஏறி இறங்கலாம், ஒரே சப்ளையரை நம்பிய பாகம் தடைபடலாம், நிலநடுக்கம் வரலாம், நாடுகள் வரி போடலாம், போலி உதிரிபாகம் பெயரைக் கெடுக்கலாம். எங்கள் வள்ளத்தைப் பார்த்து எழுதின மாதிரியே இருந்தது. பங்கு வாங்கியவருக்கு இத்தனை எச்சரிக்கை. எஞ்சின் வாங்கிய எனக்கு ஒரு வாரண்டி அட்டை, அதில் இம்பெல்லர் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று ஒரு வரி.

ஒரே சப்ளையர் என்பது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஃபுகுஷிமா மாகாணம் ஒனஹாமாவில் ஜெர்மனியின் மெர்க் ஆலை நின்றது. கார் பெயின்ட்டில் மினுமினுப்புக்குப் போடும் ஒரு பொடியை உலகத்திலேயே அந்த ஓர் ஆலைதான் செய்துகொண்டிருந்தது. பெரிய கார் கம்பெனிகளே சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்தின. அவர்களுக்கே அந்த கதி.

நாணய விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 2021-ல் 100 யென்னுக்கு 65 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் 53 ரூபாய் அளவுக்கு இறங்கியது. எஞ்சின் விலை இறங்கியதா என்றால், இல்லை. 2021-ல் கப்பல் கூலி ஏறிய சாக்கில் நாங்கள் பணம் சேர்க்கிற இடைவெளியிலேயே இரண்டு தடவை விலை ஏற்றியவர்கள் இவர்கள். நட்டம் என்றால் கொட்டகை வரை வருகிறது, லாபம் சென்னையைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

வரியைப் பற்றி நான் அறிக்கை படிக்கத் தேவையில்லை. பகலில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சதை பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் அங்கே இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி வந்ததும் கிலோவுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தார்கள். எஞ்சின் கடன் தவணை குறையவில்லை.

மார்க் போடச் சொன்னால் எஞ்சினுக்கு ஐந்துக்கு நாலு, கடைக்கு ஒன்றரை (அரை மார்க் டீக்கு), பாம்பன் தம்பிக்கு ஐந்து. வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் இம்பெல்லர், ஸ்பார்க் பிளக், கியர் ஆயில் சீல் மூன்றையும் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வைத்தால் அட்வான்ஸ் கொடுங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், அசலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் டப்பாவை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் இப்போது மூன்று இம்பெல்லரை மகளின் பழைய டிபன் பாக்ஸில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போன வாரம் கொழுந்தன் வந்து, “அண்ணி, ஒண்ணு கடனாக் குடுங்க, வந்ததும் திருப்பித் தர்றேன்” என்றார். எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “கடையில சொல்லியிருக்கேன், கப்பல்ல வருதாம்” என்றார். டிபன் பாக்ஸை உள்ளே வைத்துவிட்டு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.