எட்வர்டா ஜேக்கப்பா, வில்லா ஜெம்மா?

அமானுஷ்யக் காதல் நாவல்களில் வரும் முக்கோணக் காதலைக் கண்டு இளம் வாசகர்கள் சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் வரிசையையும் (2005–2008) கசாண்ட்ரா கிளேரின் இன்ஃபெர்னல் டிவைசஸ் மூன்று நாவல்களையும் (2010–2013) அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாசகர்களைச் சீண்டுவது முக்கோணத்தைவிட, அதை ஆசிரியர் முடித்துவைக்கும் விதமே என்பது விளங்கும்.

ட்வைலைட்டில் போட்டி என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்பதே ஐயத்திற்குரியது. கதாநாயகி பெல்லாவின் மனம் முதல் நாவலிலேயே ரத்தக்காட்டேரியான எட்வர்டிடம் போய்விடுகிறது. இரண்டாம் நாவலில் அவன் பிரிந்து சென்ற பிறகுதான், ஓநாயாக உருமாறும் ஜேக்கப் அவள் வாழ்வில் பெரிதாகிறான். அப்படியிருந்தும் 'டீம் எட்வர்ட்', 'டீம் ஜேக்கப்' என்று எழுதிய சட்டைகளை அணிந்து வாசகர்கள் அணி பிரிந்தார்கள். ஜேக்கப்பின் பக்கம் நின்றவர்களின் வாதத்தில் கனம் இருந்தது: அவனைத் தேர்ந்தெடுத்தால் பெல்லா மனுஷியாகவே வாழ்ந்து மூப்படையலாம், தன் உலகத்தைத் துறக்க வேண்டியதில்லை. எட்வர்டின் அணியினர் அவனது தன்னடக்கத்தையும் அசையாத காதலையும் முன்வைத்தார்கள். இருவர் மீதும் குற்றப்பட்டியல் நீளமானது. எட்வர்ட் அவள் உறங்குவதை அவளறியாமல் வந்து பார்க்கிறான். ஜேக்கப்பைக் காணச் செல்லாதபடி அவளது வண்டியை முடக்குகிறான். ஜேக்கப்போ அவள் விருப்பத்தை மீறி முத்தமிடுகிறான். அவனைக் குத்தியதில் அவள் கைதான் அடிபடுகிறது. அந்தக் காட்சியை ரசிப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள இயலவில்லை. 2008இல் வெளிவந்த இறுதி நாவலில், தோற்றவனுக்கு ஆறுதல் தேடுவதுபோல, பெல்லாவுக்குப் பிறந்த பச்சிளங்குழந்தையோடு ஜேக்கப்பை வருங்காலத் துணையாக விதி பிணைத்துவிட்டதாக ஆசிரியர் எழுதியபோது, இரு அணியிலும் பலர் முகம் சுளித்தார்கள். புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

1878ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கும் கிளேரின் கதையில் இப்படி அணி சேர்வது கடினம். வில்லும் ஜெம்மும் ஒருவருக்காக ஒருவர் உயிரையும் தர உறுதிமொழி பூண்ட தோழர்கள். தன்னை நேசிப்பவர்கள் இறந்துவிடுவார்கள் என்று நம்பிக் கடுஞ்சொல் பேசிவந்த வில், தான் சபிக்கப்படவில்லை என்று அறிந்து கதாநாயகி டெஸ்ஸாவிடம் காதலைச் சொல்ல வரும்போது, அவள் நோயாளியான ஜெம்மை மணக்கச் சம்மதித்திருக்கிறாள். பழி சுமத்த ஆளில்லாத இந்த இக்கட்டுதான் வாசகர்களை அழவைத்தது. நோயிலிருந்து உயிர் பிழைக்க ஜெம் நெடுவாழ்வு கொண்ட துறவியாகி அவளை விட்டு விலகுகிறான். வில்லை மணந்து, அவன் முதுமையில் இறந்து பல்லாண்டுகள் கழிந்தபின், மூப்பறியாத டெஸ்ஸா 2008இல், துறவிலிருந்து மீண்ட ஜெம்மோடு சேர்கிறாள். இதை அருட்கொடையாகக் கொண்டவர்கள் பலர். இருவரையும் கொடுத்துவிட்டுத் தேர்விலிருந்து ஆசிரியர் நழுவிவிட்டார் என்று குறைகூறியவர்களும் உண்டு.

அந்தக் குறையில் நியாயம் உண்டென்றாலும், என் வாக்கு கிளேருக்கே. டெஸ்ஸா கணவனைப் பறிகொடுத்து, நெடுங்காலம் தனித்திருந்த பிறகே மற்றவனை அடைகிறாள். பெல்லாவுக்கோ எட்வர்ட், குழந்தை, தந்தை, ஜேக்கப்பின் நட்பு ஆகிய அனைத்தும் ஒரே நாவலின் கடைசிப் பக்கங்களுக்குள் சேதமின்றிக் கிடைத்துவிடுகின்றன.