செங்கோட்டையில் வாங்கிய ஆடாதோடை: இலையை வாங்கலாம், பொடி வேண்டாம்

மழை பிடித்துவிட்டால் புளியரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை எங்கள் வீட்டில் அப்பா. செங்கோட்டையில் வழக்கமாகப் போகும் நாட்டு மருந்துக் கடையில் ஆடாதோடை இலை நூறு கிராம், பொடி நூறு கிராம் வாங்கி வந்தேன்.

இலை அருமை. காய்ந்தும் பச்சை போகவில்லை, நொறுக்கினால் தேயிலை வாசம் வருகிறது, நுனியைக் கடித்தால் கசப்பு தொண்டை வரை இறங்குகிறது. நிழலில் காயவைத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. கடை அண்ணாச்சி எடை போடும் முன்பே, "பெருசா, சித்தாடலோடகமா?" என்று கேட்டார். சித்தாடலோடகம் என்றால் மலையாளத்தில் சின்ன இலை ஆடாதோடை. இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது, அதனால் மலையாளப் பெயரும் இங்கே சகஜம். கேரள வைத்தியர்கள் பலர் விரும்புவது சின்ன இலைச் செடியை. இரண்டும் ஒரே இனத்துச் சொந்தம்தான், ஆனால் வேறு வேறு செடி. அதைக் கலக்காமல் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறாரே, அதற்காகவே இந்தக் கடையைச் சொல்லலாம்.

பொடிதான் ஏமாற்றம். வீட்டில் சலித்துப் பார்த்தேன், சல்லடையில் நார் நாராகத் தண்டு நின்றது, நிறம் பழுப்பு, வாசமே இல்லை. இந்த இலையின் முக்கியமான சத்து வாசிசின் என்கிற ஆல்கலாய்டு. வெயிலும் காற்றும் படப்பட அது வாசிசினோன் என்று வேறொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். சளியை இளக்க ஆஸ்பத்திரியில் தரும் புரோம்ஹெக்சின் இந்த வாசிசினை வைத்து உருவாக்கிய மருந்து, அம்புராக்சாலும் அதன் வழி வந்ததுதான். அப்படிப்பட்ட இலையைப் பொடியாக்கி, கண்ணாடி மாதிரி கவரில் கட்டி வாசல் வெயிலில் தொங்கவிட்டால் எதை நம்பிக் குடிப்பது?

இலையை மிளகு, அதிமதுரத்தோடு கொதிக்கவைத்து, ஆறியதும் தேன் விட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அப்பாவுக்குச் சளி இளகி வந்தது, ராத்திரி தூங்கினார். பாடாத நாவும் பாடும் என்று இந்த இலையைச் சொல்வார்கள், அப்பா பாடவில்லை, ஆனால் குரல் திரும்பியது. வேலியில் பச்சை இலை இருந்தால் இன்னும் நல்லது, அப்படியே இடித்தால் சாறு லேசில் வராது, இட்லிப் பானையில் ஆவி காட்டி வாடவைத்து முறுக்கிப் பிழிய வேண்டும், கரும்பச்சையாகச் சொட்டும்.

எனக்குப் பெரிய குறை வேறு. எங்கள் மதினி ஆறு மாதம். அவளுக்கும் இருமல் என்று அம்மா அதே கஷாயத்தை டம்ளரில் ஊற்றிவிட்டாள், நல்லவேளை நான் அடுப்படியில் இருந்தேன். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. இலைப் பொட்டலத்திலும் இல்லை, பொடிக் கவரிலும் இல்லை, ஒரு வரி கிடையாது. இலை தானே, என்ன செய்துவிடும் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைப்பார்கள்.

மறுவாரம் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். கோபப்படாமல் கேட்டார், அட்டையில் "கர்ப்பிணிகளுக்குக் கூடாது" என்று பேனாவால் எழுதி டப்பாவில் ஒட்டினார். பொடிக் கவரில் இன்னும் எழுதவில்லை.