அரசு உதவியை ஏற்கும் கல்லூரி, மறுக்கும் கல்லூரி: நிதியுதவி இயக்குநரின் வேலை எப்படி?

அமெரிக்காவில் சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கூட்டரசின் மாணவர் உதவியை ஏற்கின்றன. அங்கே நிதியுதவி இயக்குநருக்கு ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பப் படிவம், சரிபார்ப்பு, தணிக்கை என்று ஓயாத வேலை. ஆனால் பலன் பெரிது: 2024-25இல் ஏழை மாணவருக்கு 7,395 டாலர் வரை பெல் மானியம் (திருப்பிச் செலுத்த வேண்டாத கூட்டரசு உதவி). ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு ஆண்டு பழைய வருமானத்தை. இடையில் அப்பாவுக்கு வேலை போயிருந்தால், ஆதாரங்களைப் பார்த்து இயக்குநரே கணக்கை மாற்றலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம் இதுதான்.

பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி, மாணவர் பெறும் கூட்டரசு உதவியே கல்லூரியின் நிதியுதவித் திட்டத்தை அரசு விதிகளுக்கு உட்படுத்தும் என்ற 1984 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பெல் மானியத்தையும், 1996இல் கூட்டரசுக் கடனையும் விட்டது. விதிமுறைத் தொல்லை குறைவு, சரி. ஆனால் கல்லூரி நிதி, நன்கொடை, தனியார் கடன் ஆகியவற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். வசதியில்லாத பிள்ளைகளுக்காக, நான் உதவியை ஏற்கும் கல்லூரியின் வேலையையே எடுப்பேன்.