பழைய ஹோண்டா 750-க்கு கார்ப் ரீபில்ட் கிட்: ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், பித்தளையை விட்டுவிடுங்கள்

கார்ப்பரேட்டரைப் பிரித்துப் புதுப்பிக்கத் தேவையான சாமான்கள் அடங்கிய இந்த கிட்டை வாங்கலாம், ஆனால் அதில் வருவதில் பாதியைத்தான் வண்டியில் போட வேண்டும். ரப்பர் சாமான்கள் நன்றாகவே இருக்கின்றன. பித்தளை சாமான்கள் டப்பாவிலேயே இருக்கட்டும். முடிவு மட்டும் போதும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், கார்ப்பைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் தொடர்ந்து படிக்கவும்.

வண்டி ஹோண்டா சிபி750, 1970களின் நடுவில் வந்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கெய்ஹின் கார்ப்பரேட்டர். பெரியப்பா வாங்கியது, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் அவர் வீட்டு கராஜில் பல வருஷம் போர்வை போர்த்தி நின்றது. டர்பன் பக்கத்துக் காற்றில் ஈரமும் உப்பும் எவ்வளவு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்ப்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகி, பச்சை படிந்த கோந்தாக அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் இருமும், சிவப்பு விழுந்த ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நின்றால் அணைந்தே போகும். ஆக்சிலேட்டரை முறுக்கி ஓட்டினால் மட்டும் ஓரளவு ஒழுங்காகப் போகும். இந்த அறிகுறி எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது, ஸ்லோ ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, ஐடிலிங்குக்கானது ஸ்லோ ஜெட், வேகமாக ஓட்டுவதற்கானது மெயின் ஜெட். இந்த வண்டியில் அதன் நம்பர் 40, அதாவது துளையின் விட்டம் 0.40 மில்லிமீட்டர். தலைமுடியைவிடச் சில மடங்கு பெரிய துளை, அவ்வளவுதான், அதில் கோந்து அடைத்தால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் எங்கிருந்து வரும்?

கிட்டை இணையத்தில் வாங்கினேன். வெள்ளை டப்பா, சொல்லும்படி பிராண்ட் பெயர் எதுவும் இல்லை, நான்கு கார்ப்புக்கும் சேர்த்து ஓரிரு முறை டேங்க் நிரப்பும் காசுதான். வெளிநாட்டிலிருந்து வருவதால் பதினைந்து சதவீத வாட்டும் கொரியர்காரர் வாங்கும் கட்டணமும் மேலே சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பவுல் கேஸ்கெட், ஓ-ரிங்குகள், ஃப்ளோட் நீடில் வால்வு (பவுலில் மிதக்கும் ஃப்ளோட் ஏறி இறங்கும்போது பெட்ரோலை அடைத்துத் திறப்பது), மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஜெட் நீடில், ஏர் ஸ்க்ரூவும் அதன் ஸ்பிரிங்கும் இருந்தன. பாக்கெட் போட்ட விதத்தில் குறை இல்லை, எதுவும் விட்டுப்போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கேஸ்கெட் பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்தது, இழுக்கவும் தேவையில்லை, நெளியவும் இல்லை. ஓ-ரிங்கைப் போடுவதற்கு முன்னால் ஒன்றை மூடி போட்ட சின்ன ஜாடியில் பெட்ரோலில் ஓர் இரவு ஊற வைத்துப் பார்த்தேன். நைட்ரைல் ரப்பராக இருந்தால் பெட்ரோலைத் தாங்கும், வைட்டான் என்றால் இன்னும் நல்லது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இபிடிஎம் ரப்பராக இருந்தால் காலையில் ஊதிப்போய் வேறு சைஸில் கிடக்கும். ஹார்டுவேர் கடையில் "அதே சைஸ்தான்" என்று எடுத்துத் தரும் ஓ-ரிங் பல சமயம் அந்த ரகம்தான். இந்த கிட்டில் வந்தது ஊதவில்லை, பழைய அளவிலேயே இருந்தது. இதற்காகவே நான் கிட்டின் விலையைக் கொடுக்கத் தயார், ஏனென்றால் சிபி750-இல் மெயின் ஜெட் திருகிப் பூட்டுவது கிடையாது, ஓ-ரிங்கோடு உள்ளே அழுத்தி, தகடு மாதிரி ஒரு ஸ்பிரிங் க்ளிப் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓ-ரிங் காய்ந்து சுருங்கினால் பெட்ரோல் ஜெட் துளை வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவிப் போகும், நீங்கள் எந்த நம்பர் ஜெட் போட்டாலும் ஒன்றுதான்.

இனி பித்தளைக்கு வருவோம். ப்ராஸ்பெக்டனில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் நண்பரிடம் அளவு பார்க்கும் பின் கேஜ் இருக்கிறது, நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாக இருக்கும் எஃகு ஊசிகள். என் வண்டியின் பழைய மெயின் ஜெட் நான்கிலும் 105 என்று பொறித்திருந்தது. கெய்ஹின் கணக்கில் அது 1.05 மில்லிமீட்டர். ஊசி நான்கிலும் ஒரே மாதிரி, இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் போனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! கிட்டில் வந்த ஜெட்டிலும் 105 என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் ஒன்றில் 1.05 ஊசி நுழையவே இல்லை, இன்னொன்றில் 1.08 ஊசி சுலபமாகப் போனது. மூன்றே புள்ளி என்று நினைக்காதீர்கள், துளையின் பரப்பில் அது கிட்டத்தட்ட ஆறு சதவீதம். நான்கு சிலிண்டரும் நான்கு விதமாகக் குடித்தால் எந்த ட்யூனிங்கும் எடுபடாது. ஒரு பிளக் கறுப்பு, பக்கத்துப் பிளக் வெளுப்பு என்று வரும், ஆள் இக்னிஷனைப் போய் நோண்டிக்கொண்டிருப்பார்.

ஜெட் நீடிலும் அப்படித்தான். நீளம் சரி, க்ளிப் மாட்டும் காடிகளும் சரி, ஆனால் கூம்பு தொடங்கும் இடம் வேறு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும் ஸ்லைடு கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை திறந்திருக்கும்போது பெட்ரோலை அளப்பது இந்த ஊசியின் கூம்புதான், நாம் சாதாரணமாக ஓட்டுவது முழுக்க அந்த எல்லைக்குள்தான். மைக்ரோமீட்டரில் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் அளந்து பார்த்துவிட்டுப் புதியதை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அங்கிள் இருக்கிறார், நாற்பது வருஷம் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். கிட்டைக் காட்டியதும் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தம்பி, ஜப்பான்காரன் போட்ட ஜெட் தேயாது, அடைக்கத்தான் செய்யும், அடைப்பை எடு, ஜெட்டை மாத்தாதே" என்றார். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி, யாராவது கம்பி விட்டுக் குடைந்திருந்தால் தவிர. ஆனால் ஜெட் நீடிலும் அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசுபவை, அவை தேயும். நிறைய ஓடிய வண்டியில் அந்தத் துளை முட்டை வடிவமாகிவிடும், பாதி ஆக்சிலேட்டரில் புகை கறுக்கும். அந்த நிலை வந்தால் பெயரில்லாத கிட்டில் தேடாமல் ஒரிஜினல் பாகமோ, கீஸ்டர் மாதிரி இதையே தொழிலாகச் செய்யும் ஜப்பான் நிறுவனத்தின் பாகமோ வாங்குவது மேல்.

அப்படியானால் பழைய பித்தளையைச் சுத்தம் செய்வது எப்படி? ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடல் பகுதியை அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் அழுக்கை எடுப்பது) போட்டேன், பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல், அறுபது டிகிரி சூடு, அது போதும். வினிகரில் ஊற வையுங்கள், எலுமிச்சையில் ஊற வையுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். கார்ப் உடல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு, அமிலம் அதைத் தின்றுவிடும், வெளியே பளபளப்பாக எடுத்துவிட்டு உள்ளே வழித்தடங்கள் சொரசொரப்பாகிப் போகும். தொட்டியிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு வழியிலும் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடித்து மறுமுனையில் பீய்ச்சி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் நீங்கள் எதிர்பார்க்காத துளையிலிருந்துதான் அது வெளியே வரும், நேராக முகத்துக்கு. ஸ்லோ ஜெட் அடைப்புக்கு எஃகுக் கம்பி விடாதீர்கள். பழைய ஒயரைச் சீவினால் கிடைக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும், அது பித்தளையைக் கீறாது.

நீடில் வால்வை மட்டும் பித்தளைக் கணக்கில் சேர்க்காமல் கிட்டிலிருந்தே போட்டேன். பழையதன் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தது. ஆனால் புதிய வால்வின் தலையில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் ஊசி கொஞ்சம் நீளம், அதனால் ஃப்ளோட் உயரம் மாறிவிட்டது. இந்த மாடலுக்கு 26 மில்லிமீட்டர். கார்ப்பைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு அந்த ஊசியைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது, அந்த இடத்தில் அளந்து நாக்கை மெல்ல வளைக்க வேண்டும். கிட்டோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதற்கு ஒரு மதிப்பெண் கழித்துவிட்டேன்.

கிட்டால் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கார்ப்பின் பவுலுக்குள் ஒரு மெல்லிய பித்தளை ஓவர்ஃப்ளோ குழாய் நிற்கும், வயதானால் அதில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் விழும். வால்வு, ஃப்ளோட், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டும் கீழே பெட்ரோல் சொட்டுகிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். பவுலைத் தனியாகக் கழற்றி, குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும் அளவு பெட்ரோல் ஊற்றி, அடியில் காகிதம் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் தெரிந்துவிடும். ஈயம் வைத்து அடைக்கலாம்.

மாட்டும்போது ஒன்று: ஜப்பான் வண்டியின் ஸ்க்ரூ தலை பார்க்கச் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்கானது போலத்தான் இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தர அளவு. சாதாரணத் திருப்புளி அதில் அடிவரை இறங்காது, நழுவித் தலையை மொழுக்கிவிடும். வெசல் மாதிரி ஜப்பான் திருப்புளி ஒன்று கிட்டைவிட முக்கியமான செலவு. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை மூடி, ஒரு சுற்று திறந்து வைத்துத் தொடங்கினேன். பிறகு நான்கு வாக்குவம் கேஜ் மாட்டி, நான்கு கார்ப்பும் ஒரே மாதிரி இழுக்கிறதா என்று சிங்க் பார்த்தேன். அதோடு கார்ப்பை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், காற்று நடுவில் நுழைந்தால் மேலே சொன்ன எதுவும் பலன் தராது. டேங்க் துருவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இப்போது சோக் இல்லாமல் ஐடிலிங் ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது, நான்கு பிளக்கும் ஒரே பழுப்பு நிறம்.

ஜோபர்க்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்) பழைய வண்டி வாங்கி பக்கியில், அதாவது பிக்-அப் வண்டியில், ஏற்றி வருபவர்களுக்கு இன்னொன்று. அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேலே, கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே நன்றாக ஓடட்டும் என்று சின்ன நம்பர் மெயின் ஜெட் போட்டிருப்பார்கள். வான் ரீனென் கணவாய் இறங்கி டர்பன் வந்ததும் அதே வண்டிக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, வேகமாக ஓட்டினால் இன்ஜின் சூடேறும். ஜெட்டில் பொறித்த நம்பரை மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் ஜெட் மாற்றத்தான் வேண்டும், அப்போதும் கிட்டில் வருவதை அல்ல, ஒரிஜினலை.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டரை. விற்பவருக்கு எழுதி, ரப்பரும் நீடில் வால்வும் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு முழு கிட்டாகத்தான் தருகிறார்களாம், நிறையப் பேர் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் நீங்களும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.