உடம்புக்கு ஒன்று, அறைக்கு ஒன்று: வீட்டு ஸ்பிரேக்கு ஸ்பிரிட்டா, ட்வீனா, பன்னீரா?

வீட்டில் வாசனை ஸ்பிரே செய்யப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூக்கை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறார்கள். மல்லியா, சந்தனமா, லாவெண்டரா என்று பத்துக் குப்பியைத் திறந்து பார்த்து, பிடித்ததில் இரண்டை வாங்கி வந்து, கேன் தண்ணீரில் கலந்து குலுக்கிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் பாட்டில் பரணுக்குப் போய்விடும். 100 மில்லி ஸ்பிரேயில் வாசனை என்பது 1 முதல் 5 மில்லிதான். உடம்பில் பிசுபிசுக்குமா, கெட்டுப்போகுமா, தீப்பிடிக்குமா என்பதெல்லாம் மீதி 95 மில்லியைப் பொறுத்தது. அதனால் வாசனைகளை விட்டுவிட்டு, அவற்றைச் சுமக்கிற திரவங்களை எடுத்துக்கொள்வோம். வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துக் கடற்கரைப் புழுக்கத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் இங்கே அளவுகோல்.

முதலில் அந்தக் குலுக்கல் பாட்டிலை ஒதுக்கிவிடலாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது. எவ்வளவு குலுக்கினாலும் அரை நிமிடத்தில் மேலே வந்து மிதக்கும். ஸ்பிரே தலையிலிருந்து இறங்கும் குழாய் பாட்டிலின் அடியிலிருந்துதான் உறிஞ்சும். முதல் வாரம் முழுக்க வெறும் தண்ணீர் வரும், கடைசி நாலைந்து அழுத்தலில் சுத்தமான எண்ணெய் வந்து கழுத்தில் விழும். கிராம்பு எண்ணெய் இதற்கு நேர் எதிர். அது தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். முதல் அழுத்தலிலேயே நீர் சேராத கிராம்பு எண்ணெய் தோலில் பட்டால் எரிச்சலோடு தடித்துவிடும். ‘நல்லா குலுக்கிட்டு அடி’ என்ற குறிப்பு இதைக் காப்பாற்றாது.

ஸ்பிரிட்

கடையில் விற்கும் பாடி ஸ்பிரே, சென்ட் எல்லாம் பெரும்பாலும் எத்தனால் என்ற ஆல்கஹால்தான். எண்ணெயைத் தெளிவாகக் கரைக்கும், தோலில் பட்டதும் ஆவியாகும், கெட்டுப்போகாது, பதப்படுத்தி (கெடாமல் காக்கும் பொருள்) தேவையில்லை. தொழில்முறையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டும் (வடித்தெடுத்த செறிந்த எத்தனால்) டீநேச்சர்டு ஸ்பிரிட்டும் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எத்தனால்) உரிமத்துக்கு உட்பட்டவை. வீட்டுக்காரர் போய் ‘ஒரு லிட்டர் கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் சரக்கு அல்ல. யாராவது லேபிள் இல்லாத கேனில் ‘ஸ்பிரிட் இருக்கு, மலிவா தர்றேன்’ என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருக்கலாம், அது என்ன செய்யும் என்பதை 2024 கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகள் காட்டிவிட்டன. குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்புக்குள் போகும்.

ஆக, வீட்டுக்குக் கைக்கெட்டுவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐ.பி.ஏ. பார்க் டவுன் நயினியப்ப நாயக்கன் தெருவின் கெமிக்கல் கடைகளில் 99 சதவீதம், மருந்துக் கடையில் 70 சதவீதம் என்று கிடைக்கும். 99-ஐ வாங்குவதே நல்லது. 70-இல் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழத்தோல் எண்ணெய்கள் பால் மாதிரி கலங்கலாம். லாவெண்டரும் சந்தனமும் அவ்வளவு முரண்டு பிடிக்காது. சானிடைசர் ஜெல்லில் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க வேண்டாம். அதிலிருக்கும் பசை நாசிலை அடைத்துவிடும்.

அறை ஸ்பிரே 100 மில்லிக்கு அளவு: ஐ.பி.ஏ. 75 மில்லி, வாசனை எண்ணெய் 4 மில்லி, டிஸ்டில்ட் வாட்டர் 21 மில்லி. எண்ணெயை முதலில் ஐ.பி.ஏ.வில் விட்டுக் கரைத்து, தண்ணீரைக் கடைசியில் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். கலங்கத் தொடங்கினால் தண்ணீரை அங்கேயே நிறுத்தி, தெளியும்வரை ஐ.பி.ஏ. சேர்க்கலாம். வரிசையை மாற்றித் தண்ணீரில் எண்ணெயை விட்டுப் பிறகு ஐ.பி.ஏ. ஊற்றினால் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும், திரும்பக் கரைப்பது பேஜார். இரண்டு வாரம் இருட்டில் மூடி வைத்தால் வாசனையின் முனைகள் மழுங்கி ஒன்றாகச் சேரும்.

குறை இரண்டு. ஒன்று, ஆஸ்பத்திரி வாடை. அடித்த முதல் ஒரு நிமிடம் ஊசி போடும் இடத்து நெடி தூக்கலாக வரும், பிறகுதான் வாசனை தலை காட்டும். அறைக்கு அது பரவாயில்லை. கழுத்தில் அடித்துக்கொண்டு பஸ் ஏறுபவருக்குச் சரிப்படாது, தினம் அடித்தால் தோலும் வறளும். இரண்டாவது தீ. ஐ.பி.ஏ.வின் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி இரவில்கூட அதற்குக் கீழே இறங்குவதில்லை என்பதால் திறந்த பாட்டிலின் மேலே எப்போதும் பற்றக்கூடிய ஆவி நிற்கும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, எரிகிற கொசுவர்த்தி இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. ஒற்றை அறை வீட்டில் சமையலும் சாமிப் படமும் அந்த ஓர் அறைக்குள்தான் என்றால், இந்த வகையை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ட்வீன் கலந்த தண்ணீர்

பாலிசார்பேட் 20 என்று கேட்டால் சில கடைக்காரர்கள் யோசிப்பார்கள். ‘ட்வீன் 20’ என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். தேன் நிறத்தில் கெட்டியான திரவம். எண்ணெயின் நுண்துளிகளைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் தெளிவாக நிறுத்துவது இதன் வேலை. ட்வீன் 80 வேறு, கனமான எண்ணெய்களுக்கு உரியது. மாற்றி வாங்கினால் ஸ்பிரே கலங்கலாகவே இருக்கும்.

எவ்வளவு ட்வீன் என்பதற்கு ஒரே விடை கிடையாது, எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். அதனால் பாட்டிலில் ஊற்றுவதற்கு முன்னால் சோதனை. மூன்று சின்னக் குப்பி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி வாசனை. முதல் குப்பியில் ஒரு துளி ட்வீன், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. பல் குத்தும் குச்சியால் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஒவ்வொன்றிலும் 5 மில்லி தண்ணீர். ஒரு நாள் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். குறைந்த ட்வீனில் எது தெளிவாக நிற்கிறதோ அதுதான் உங்கள் விகிதம். லாவெண்டர் பெரும்பாலும் சீக்கிரம் தெளியும், சிட்ரஸ் வகை நான்கு மடங்கு கேட்டாலும் கேட்கும்.

உடம்புக்கு 100 கிராம் செய்ய: வாசனை 1 கிராம், ட்வீன்-20 மூன்று கிராம், கிளிசரின் 1 கிராம், பதப்படுத்தியாக ஃபினாக்சி எத்தனால் 0.9 கிராம், மீதி டிஸ்டில்ட் வாட்டர். துளிக் கணக்கு வேண்டாம். ஒரு மில்லிக்கு எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பொறுத்து 20 துளியும் வரும், 30-ம் வரும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும். வாசனை, ட்வீன், ஃபினாக்சி எத்தனால் மூன்றையும் முதலில் சேர்த்து, கோடு கோடாகத் தெரியாதவரை கலக்கி, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், அது இயல்புதான்.

பிசுபிசுப்பு வருவது இங்கேதான். வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று எண்ணெயை 3 கிராமுக்கு ஏற்றினால் ட்வீன் 9 கிராம் ஆகும். வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் பசை தடவின மாதிரி நிற்கும், சட்டைக் காலரில் அழுக்கு ஒட்டும். காற்றே ஈரமாக இருக்கும் காசிமேட்டில் கிளிசரினையும் தாராளமாக விடக் கூடாது, அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அறைக்கு அடித்தாலும் டைல்ஸ் தரையில் மெல்லிய வழுக்கல் படலம் விழும். முதியவர்கள் நடக்கும் இடத்தில் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தால் கிருமியும் வரும். பதப்படுத்தி போடாத ஸ்பிரே, சித்திரை வெயிலில் சில நாட்களிலேயே கெடத் தொடங்கிவிடும். நூல் மாதிரி ஏதோ மிதந்தால் கொட்டிவிடலாம். பெரிய தொல்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாமலேயே பாக்டீரியா பெருகியிருக்கலாம். ‘எசென்ஷியல் ஆயிலே கிருமிநாசினிதானே’ என்ற வாதம் 1 சதவீத அளவில் நிற்காது. பாரபென் என்ற பதப்படுத்தி வகையை ட்வீனோடு நம்ப வேண்டாம், ட்வீன் அதை முடக்கிவிடும். பதப்படுத்தியாக சோடியம் பென்சோயேட் போடுபவர்கள் பி.எச். (அமில-கார அளவு) 5-க்குக் கீழே சிட்ரிக் அமிலத்தால் இறக்கவில்லையென்றால் அது சும்மா கிடக்கும். போர் தண்ணீர் கூடவே கூடாது: கடல்நீர் ஏறிய பகுதிகளில் அதன் உப்பு நாசிலில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும்.

பன்னீர்

கல்யாண வாசலில் தெளிப்பதும் பன்னீர்தான், முகத்துக்கு அடிப்பதும் பன்னீர்தான், ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரோஜாவைக் காய்ச்சி வடித்த நீர் ஒன்று, தண்ணீரில் ரோஸ் எசென்ஸ் கலந்தது இன்னொன்று. லேபிளின் பொருள் பட்டியலில் ரோசா டமாசீனா மலர் நீர் என்று இருக்கிறதா, வெறும் அக்வா (தண்ணீர்), பெர்ஃப்யூம் என்று இருக்கிறதா பாருங்கள். பாட்டிலைக் குலுக்கும்போது எழும் நுரை நெடுநேரம் நின்றால், ட்வீன் போல ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வீட்டிலேயே வடிக்கலாம். அகலமான பாத்திரத்தின் நடுவே ஸ்டாண்டு வைத்து அதன்மேல் சின்னக் கிண்ணம், சுற்றிலும் பொருளும் தண்ணீரும், குழிந்த மூடியைக் கவிழ்த்து மேலே ஐஸ், அடுப்பு மெதுவாக. மூடியின் நடுவில் திரண்டு சொட்டுவதுதான் சரக்கு. பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்தும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். 100 கிராம் மரிக்கொழுந்துக்கு 1 லிட்டர் தண்ணீர் வைத்து, முதல் 250 மில்லி சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் வெறும் ஆவி நீர்.

பூக்கடையில் மாலையில் மல்லி விலை இறங்கும்போது இரண்டு கிலோ வாங்கி வந்து கொதிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது வெந்த கீரை வாசம். மல்லியின் மணம் சூட்டைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலும் கரைப்பான் வைத்தே எடுக்கிறார்கள். வெட்டிவேர் வேறு விதம்: எண்ணெய் வேரைவிட்டு இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு மணி நேர வடிப்பில் மழை விழுந்த மண் மாதிரி மெல்லிய வாசம்தான் வரும். அதுவே அழகு என்று நினைப்பவர்களுக்கு அது போதும். வேரை ஊறவைத்த தண்ணீரை ஸ்பிரேயில் ஊற்றுவது மட்டும் வேண்டாம். இரண்டு நாளில் புளிக்கும், வெள்ளைச் சட்டையில் காவிக் கறை விழும்.

வடித்த நீரும் தண்ணீரே. பதப்படுத்தி இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வாசனை பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. ஆனாலும் எண்ணெய் தனியாகச் சேர்க்காததால் பிசுபிசுப்பு சுத்தமாக இல்லை, வெயிலில் நடந்து வந்த முகத்துக்கு இதைப்போல இன்னொன்று கிடையாது.

எதற்கு எது

உடம்புக்கு எங்கள் தேர்வு கலப்பு: மேலே சொன்ன ட்வீன் செய்முறையில் டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதிலாக வடித்த பன்னீர், எண்ணெய் 0.5 கிராம், ட்வீன் 1.5 கிராம். பதப்படுத்தி அதே 0.9. வாசனை கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். நாள் முழுக்க நிற்க வேண்டுமென்றால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அத்தரே மேல், ஸ்பிரேயிடம் அதைக் கேட்க முடியாது.

அத்தரை ஸ்பிரேயில் கலக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு துளியை 5 மில்லி 99 சதவீத ஐ.பி.ஏ.வில் விட்டுப் பாருங்கள். கலங்கி அடியில் எண்ணெய் மணியாகத் திரண்டால் அது லிக்விட் பாரஃபினில் (மினரல் ஆயில்) இறக்கிய மலிவு அத்தராக இருக்கக் கூடும். ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் கலப்பு வாசனையை வாங்கும்போது அகர்பத்திக்கானதா, தோலுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். அகர்பத்திச் சரக்கு தோலுக்கு ஆகாது.

அறைக்கு, தீ இல்லாத இடமென்றால் ஐ.பி.ஏ. வகை. ஆனால் மீன் கழுவிய வாடைக்கு எந்த ஸ்பிரேயும் ஈடாகாது. அந்த வாடை ட்ரைமீத்தைலமின் என்ற வேதிப்பொருள், காரத்தன்மை கொண்டது. அமிலம்தான் அதை அடக்கும். 500 மில்லி தண்ணீரில் 5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து சிங்க்கையும் அரிவாள்மனையையும் துடைத்துவிட்டு, அதன்பிறகு வாசனை அடிக்கலாம். சமையல் சோடாவும் காரம் என்பதால் இதற்கு உதவாது. மார்பிள் மேடையில் மட்டும் அமிலம் படக் கூடாது, மேற்பரப்பை அரித்துவிடும். மழைக்காலப் பூஞ்சை வாடைக்கும் இதே நியாயம்: சுவரைக் காய வைக்காமல் வாசனை அடிப்பது இரண்டு வாடையைச் சேர்த்து வைப்பது.

வெயிலில் போகும் உடம்பில் பெர்கமாட் (ஆரஞ்சு இனப் பழத்தோல் எண்ணெய்) 0.4 சதவீதத்தையும், பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. தோல் கறுத்துத் திட்டு விழும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் மூன்றும் எந்த ஸ்பிரேயிலும் வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயை மறந்துவிடுங்கள், பூனையின் ஈரல் அதைச் சமாளிக்காது. எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் கழுத்துக்கு.

பாட்டில் கண்ணாடி அல்லது பெட் (PET) பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி தெரியும் நொறுங்குகிற பாலிஸ்டைரீன் டப்பாவை ஆரஞ்சு எண்ணெய் கரைத்தே விடும். பக்கத்து வீட்டுக்கு ஒன்று இரண்டு கொடுப்பதோடு நிற்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. உடம்புக்கான ஸ்பிரேயை விற்க ஆரம்பித்தால் அது காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020-க்குள் வரும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும்.