பாக்ஸ்ரெக்: நடந்த சண்டைகளின் ஏட்டில் நடக்காத சண்டைகளைத் தேடுதல்

தொழில்முறைக் குத்துச்சண்டைகளின் முடிவுகளை உலக அளவில் திரட்டிப் பதிந்துவரும் இணையச் சேவை பாக்ஸ்ரெக். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஷெப்பர்ட் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தச் சேவையை, இன்று ரசிகர்கள் மட்டுமல்லாமல், போட்டி அமைப்பாளர்களும் செய்தியாளர்களும் ஒரு வீரரின் பெயரைக் கேட்டவுடன் முதலில் திறந்து பார்க்கிறார்கள். இதன் எல்லாப் பயன்களையும் இங்கே மதிப்பிட முற்படவில்லை. குத்துச்சண்டையில் ஓயாமல் எழும் ஒரு வழக்குக்கு, அதாவது வேறு எடைப்பிரிவில் இருப்பவரை அழைத்துச் சவால் விடுவதும், மறுப்பவரைப் பயந்து நழுவுகிறார் என்று குற்றம் சாட்டுவதுமான வழக்குக்கு, இந்த ஏடு எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பதை மட்டும் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாட்சி நேர்மையானது, ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். சரியான கேள்வியைக் கேட்கத் தெரியாதவரிடம் எந்தப் பொய்யையும் இதே பக்கத்தைக் காட்டி நிறுவிவிட முடியும்.

ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்தால் உயரம், கைநீளம், நிற்கும் பாங்கு, பிறந்த நாள் ஆகியவை மேலே இருக்கும். கீழே ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரி: தேதி, எதிராளி, அன்றைக்கு அந்த எதிராளியின் வெற்றி தோல்விக் கணக்கு, இடம், முடிவு, எத்தனையாவது சுற்று, எடை மேடையில் இருவரும் காட்டிய எடை. பெரும்பாலோர் பச்சையும் சிவப்புமான முடிவுக் கட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் வழக்குக்குத் தேவையானவை தேதியும் எடையும்தான். அதிலும் ஒரே வரியில் உள்ளவை அல்ல, அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே அவை மாறும் விதம்.

மெக்சிகோ வீரர் கனேலோ அல்வாரெஸின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நழுவினார் என்ற குற்றச்சாட்டும், எடை தாண்டிப் போய் மோதினார் என்ற புகழும் ஒரே மனிதர்மேல் இவ்வளவு அடர்த்தியாகக் குவிந்திருப்பது அரிது. 2016 மே மாதம் அமீர் கானுடன் 155 பவுண்டு என்று ஒத்துக்கொள்ளப்பட்ட எடையில் நடந்த சண்டையின் வரியைத் தனியாகப் படித்தால், ஒரே வரம்புக்குள் வந்து நின்ற இரு வீரர்கள் மோதினார்கள், ஆறாவது சுற்றில் ஒருவர் நாக் அவுட் ஆனார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. கானின் பக்கத்துக்குப் போய் அதற்கு முந்தைய வரிகளைப் பார்த்தால்தான் அவர் 147 பவுண்டு வெல்டர்வெயிட் பிரிவிலிருந்து நேராக மேலே வந்தவர் என்பது விளங்கும். வரி சொல்வது பொய் இல்லை. ஆனால் உடலமைப்பில் இருந்த வேறுபாட்டை அந்த எண்கள் ஒரே மட்டமாக வழித்துக் காட்டிவிடுகின்றன.

அந்தச் சண்டை முடிந்த அதே மாதத்தில், கட்டாயப் போட்டியாளராக, அதாவது பட்டம் வைத்திருப்பவர் அடுத்து மோதியாக வேண்டியவர் என்று பட்ட அமைப்பு அறிவித்தவராக, இருந்த கென்னடி கொலோவ்கினைச் சந்திக்க வேண்டிய நிலையில், கனேலோ உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் மிடில்வெயிட் (160 பவுண்டு) பட்டத்தைத் துறந்தார். 160 பவுண்டுக்குத் தம் உடல் இன்னும் தயாராகவில்லை என்பது அவர் தரப்பு வாதமாகப் பேசப்பட்டது. இப்போது அடுத்த வரிகளைப் படியுங்கள். 2016 செப்டம்பரில் லியாம் ஸ்மித்துக்கு எதிராக 154 பவுண்டுக்கு இறங்குகிறார். 2017 மே மாதம் சாவேஸ் ஜூனியருக்கு எதிராக 164.5 பவுண்டு வரம்புக்கு ஏறுகிறார். 2017 செப்டம்பர் 16 அன்றுதான் கொலோவ்கின் பெயர் வருகிறது. அப்போது கொலோவ்கினுக்கு வயது 35. கீழே ஆறு பவுண்டு இறங்கவும் மேலே நாலரை பவுண்டு ஏறவும் முடிந்தவருக்கு நடுவில் இருந்த 160 மட்டும் ஏன் கடினமாக இருந்தது என்று குற்றம் சாட்டுபவர் கேட்டால், அதற்கான ஆதாரம் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

பக்கத்தை அங்கேயே மூடிவிடுபவர்கள்தான் அதிகம். இன்னும் மேலே வந்தால் 2019 நவம்பரில் 175 பவுண்டில் செர்கெய் கோவலேவை வீழ்த்திய வரியும், 2022 மே மாதம் அதே எடையில் டிமிட்ரி பிவோலிடம் மூன்று நடுவர்களும் 115-113 என்று எழுதித் தோற்ற வரியும் கிடக்கின்றன. ஆபத்தைக் கண்டு ஓடுபவர் பிவோலைத் தேடிப் போகமாட்டார். அதே சமயம், 168 பவுண்டில் ரசிகர்கள் வருடக்கணக்காகக் கேட்டுவந்த டேவிட் பெனாவிடெஸ் 2024-இல் 175-க்குப் போகும் வரை கனேலோவின் பக்கத்தில் இடம்பெறவே இல்லை என்பதும் உண்மை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடலாம். கனேலோ கானைத் தேர்ந்தெடுத்ததைச் சிறியவரை அடித்த செயல் என்று கேலி செய்த பலர், நான்கு மாதம் கழித்துக் கொலோவ்கினின் பக்கத்தில் வரும் வரியைப் பேசுவதே இல்லை. லண்டனில் அவர் ஐந்தாவது சுற்றில் நிறுத்திய கெல் புரூக்கும் 147-இலிருந்து மேலே வந்தவர்தான்.

எடை எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். இவை வழக்கமாகச் சண்டைக்கு முந்தைய நாள் எடுக்கப்படும் எடைகள். அதற்குப் பிறகு நீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, மணி அடிக்கும் வேளையில் வீரர் என்ன எடையில் மேடையேறுகிறார் என்பது இந்தக் கட்டங்களில் வராது. 2023 ஏப்ரலில் ஜெர்வோண்டா டேவிஸும் ரயன் கார்சியாவும் 136 பவுண்டு வரம்பில் மோதினார்கள். மறுநாள் காலையில் பத்துப் பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனையைப் பற்றிச் சண்டையின் வரியை மட்டும் படிப்பவர் ஊகிக்கவே முடியாது. எடை தாண்டிய சவால்களில் பேரம் நடப்பதெல்லாம் இத்தகைய நிபந்தனைகளில்தான். யார் யாருடைய எடைக்கு வருவது, எத்தனை பவுண்டு விட்டுக்கொடுப்பது, மறுநாள் எவ்வளவு ஏற்றலாம் என்பவை முடிவாகாமல்தான் பெரும்பாலான சவால்கள் காற்றோடு போகின்றன. எண்ணே தவறாகவும் வரலாம். 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக் டைசன் ஃப்யூரியைச் சந்திப்பதற்கு முன் உசிக்கின் எடை 233.5 பவுண்டு என்று மேடையில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 223.5 என்று திருத்தப்பட்டது. முதல் எண்ணை நம்பியவர்கள் அதற்குள் உசிக்கின் வியூகத்தையே அலசி முடித்திருந்தார்கள்.

எடைப்பிரிவுகளில் மிகக் கனமானதான ஹெவிவெயிட்டில் மேல்வரம்பு இல்லாததால் அங்கே எண்கள் ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றன. 2003 மார்ச் முதல் தேதி ராய் ஜோன்ஸ் ஜூனியர் 193 பவுண்டும் ஜான் ரூயிஸ் 226 பவுண்டும் என்று எழுதியிருக்கும் வரியில், சிறியவர் ஒருமனதான தீர்ப்பில் வென்றார் என்பதைப் படிக்கும்போது, ஒத்துக்கொள்ளப்பட்ட எடை என்ற திரை விலகிய ஒரு சண்டையைப் பார்க்கிறோம்.

இனி இந்த ஏட்டின் பெரிய குறைக்கு வருகிறேன். நழுவுதல் என்பது நடக்காத ஒன்று. நடந்ததை மட்டும் எழுதும் ஏட்டில் அதற்கு வரி கிடையாது. ஊரே மோதச் சொல்லிக் கேட்டுவந்த மேவெதர், பாக்கியோ ஆகிய இரு வீரர்களின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 2009-க்கும் 2015-க்கும் இடையே வேறு வேறு பெயர்கள் வரிசையாகப் போகின்றன. போதைப்பொருள் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் விதிமுறை பற்றிய தகராறில் 2010-இன் தொடக்கத்தில் பேச்சு முறிந்ததற்கு அந்த வரிசையில் சுவடே இல்லை. அங்கே தெரிவது வேறொன்று: 2012 டிசம்பரில் மார்க்கெஸிடம் ஆறாவது சுற்றில் பாக்கியோ வீழ்ந்த சிவப்புக் கட்டம். 2015 மே 2 அன்று மேவெதர் வென்ற பாக்கியோ, 2010-இல் ஊரே கேட்ட பாக்கியோ அல்ல என்ற வாதத்துக்கு அந்த ஒற்றைக் கட்டம் போதும். தாமதத்துக்கு யார் காரணம் என்பதை மட்டும் அது சொல்லாது. இதே சேவையின் விக்கிப் பகுதியில் முக்கியமான சண்டைகளுக்குப் பின்னணிக் குறிப்புகள் உண்டு. ஆனால் நடந்த சண்டையிலிருந்தே அதற்கும் நூல் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. 1992 டிசம்பரில் ரிடிக் போவ், லெனாக்ஸ் லூயிஸைச் சந்திப்பதற்குப் பதிலாகப் பட்டத்தின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தொழில்முறையில் அவர்கள் மோதாததால் அந்தக் கதைக்கு இருவரின் வரிகளிலும் இடமில்லை.

பழைய காலத்துப் பக்கங்களில் இந்தக் குறையே ஒரு விதத்தில் பயனாக மாறிவிடுகிறது. ஜாக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தார். முதன்மைப் போட்டியாளராகக் கருதப்பட்ட கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுடன் அவர் ஒருமுறைகூட மோதவில்லை. வில்ஸின் பக்கத்தைத் திறந்தால் சாம் லாங்ஃபோர்ட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நிறவெறியால் பட்டத்துக்கான கதவு அடைக்கப்பட்டதால் கறுப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோத வேண்டியிருந்தது என்ற வரலாற்றை, எந்த விளக்கமும் இல்லாமல் அந்தப் பெயரின் மறுபதிவே காட்டிக்கொடுக்கிறது. லாங்ஃபோர்ட் தம்மைவிட மிகப் பெரியவரான ஜாக் ஜான்சனை 1906-இல் சந்தித்துத் தோற்ற வரி இருவரின் பக்கத்திலும் இருக்கிறது. ஜான்சன் 1908-இல் உலகப் பட்டம் வென்ற பிறகு லாங்ஃபோர்டின் பெயர் அவர் பக்கத்தில் மறுபடி வரவில்லை. நழுவினார் என்ற சொல்லை இன்று சமூக ஊடகத்தில் வாரத்துக்கு ஒருவர்மேல் எறிகிறவர்கள், அந்தச் சொல்லுக்கு உரிய கனமான வழக்குகள் எவை என்று அறிய இந்தப் பழைய பக்கங்களில் சிறிது நேரம் செலவிடலாம்.

கணினி கணக்கிட்டுத் தரும் தரவரிசையையும், எடை வேறுபாட்டைக் கழித்துவிட்டு எல்லாரையும் ஒரே பட்டியலில் நிறுத்தும் தரவரிசையையும் நான் இந்த வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதில்லை. முடிவுகளிலிருந்து சூத்திரப்படி வரும் எண்கள் அவை. ஒருவர் இரண்டு படி மேலே இருப்பதால் கீழே இருப்பவர் அவருக்குப் பயப்படுகிறார் என்று ஆகிவிடாது. ஆனால் எடை தாண்டிய கூச்சலுக்கு எரிபொருள் ஊற்றுவதில் அந்தப் பட்டியலுக்கு நல்ல பங்கு உண்டு.

சவால் விடுபவரைச் சோதிக்கத்தான் இந்தச் சேவை மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. எடையில் சிறியவர் பெரியவரை அழைப்பதில் அவருக்கு இழப்பு குறைவு. தோற்றால் எதிராளி பெரியவர் என்ற சமாதானம் கையில் இருக்கிறது, வென்றால் வரலாறு, இரண்டுக்கும் நடுவில் பெரிய தொகை. பெரியவரோ வென்றாலும் சிறுவனை அடித்தார் என்ற பேச்சையும், தோற்றால் ஆறாத அவமானத்தையும் சுமக்க வேண்டும். மறுத்தால் உடனே நழுவினார் என்ற பட்டம். எனவே ஒருவர் மூன்று பிரிவு மேலே இருப்பவரை அழைக்கும்போது, அழைக்கப்பட்டவரின் பக்கத்தை நான் முதலில் திறப்பதில்லை. அழைத்தவரின் பக்கத்தைத் திறந்து, அவர் தம் சொந்தப் பிரிவில் யாரை எல்லாம் விட்டுவிட்டு மேலே பார்க்கிறார் என்று எண்ணுவேன். டெரன்ஸ் கிராஃபோர்டு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகிறார். 2017-இல் 140 பவுண்டில் எல்லாப் பட்டங்களும், 2023 ஜூலையில் எரோல் ஸ்பென்ஸை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தி 147-இல் எல்லாப் பட்டங்களும் பெற்ற பிறகே அவர் பார்வை மேலே போனது. 154-இல் ஒரே ஒரு சண்டையோடு கிளம்பிவிட்டார் என்பதையும் பக்கம் மறைக்கவில்லை. 2025 செப்டம்பர் 13 அன்று 168 பவுண்டில் கனேலோவை அவர் ஒருமனதாக வென்ற வரியைப் பார்த்தபின், அழைப்பை வெறும் விளம்பரம் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். நடுவர்கள் எழுதிய 116-112, 115-113, 115-113 என்ற புள்ளிகளும் சண்டைக்கான தனிப் பக்கத்தில் கிடைக்கும்.

பயன்படுத்தும் வசதியைப் பொறுத்தவரை, பெயர் பதிந்து உள்ளே போக வேண்டியிருப்பது சிலருக்கு எரிச்சலாகலாம். தோற்றம் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி வறண்டது. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரே பெயர் கொண்டவர்கள் பலர் இருப்பதால் பிறந்த ஆண்டையும் எடைப்பிரிவையும் சரிபார்த்துவிட்டே பக்கத்தை நம்ப வேண்டும். பிற்பாடு மாற்றப்பட்ட முடிவுகளிலும் கவனம் தேவை: 2024 ஏப்ரலில் ரயன் கார்சியா எடை வரம்பை மீறி வந்து டெவின் ஹேனியை வென்ற சண்டை, ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் முடிவில்லாத சண்டை என்று ஆக்கப்பட்டதால், ஹேனி மூன்று முறை கீழே விழுந்த அந்த இரவு அவர் கணக்கில் தோல்வியாக நிற்காது.

நான் கேட்பது ஒரு சிறு சேர்க்கை மட்டுமே. ஒருவர் பட்டத்தைத் துறந்த தேதியையும், அந்த நாளில் அவருக்குக் கட்டாயப் போட்டியாளராக இருந்தவரின் பெயரையும், சண்டை வரிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வரியாகப் போடலாம். இரண்டும் பட்ட அமைப்புகளின் அறிவிப்புகளில் பகிரங்கமாக வெளிவருபவை; யார் பயந்தார் என்ற ஊகம் எதையும் எழுத வேண்டியதில்லை. அது வரும் வரை, இரு வீரர்களின் பக்கங்களையும் பெரிய திரையில் அருகருகே திறந்து, ஒரே ஆண்டின் வரிகளை ஒத்துப் பார்ப்பதே வழி; கைபேசியில் இதைச் செய்தால் எடைக் கட்டத்துக்கும் தேதிக் கட்டத்துக்கும் இடையே விரல் அலைவதிலேயே நேரம் போய்விடும்.